அஞ்சலையின் மூன்றாவது சால்

போன செவ்வாய்க்கிழமை காலை. கிராணி உத்தியோகம் எனக்கு. ஆபீசுக்குக் கிளம்பி, கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு மறு கையைத் தேடிக்கொண்டிருந்தேன். பின் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒருவருடைய பூட்ஸ் அல்ல... நாலைந்து பேருடையது.

பூட்ஸ் சத்தம் கேட்டால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் கதவைச் சாத்துவார்கள். நான் திறப்பேன்.

என் சுபாவம் இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பால்காரர் பாலைக் கொண்டுவந்தால் மாடு எங்கே என்று கேட்பேன். மாட்டையே ஓட்டிவந்து வாசலில் கறந்தால், முதலில் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். ஜவுளிக் கடைக்காரர் "சாயம் போகவே போகாது" என்று சத்தியம் செய்தால், துணியின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. என் மனைவி கமலம் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகப் பிராணி'. கல்யாணமான புதிதில் திட்டுவதற்காகச் சொன்னாள். இப்போது சாப்பிடக் கூப்பிடுவதே அப்படித்தான்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பின்னால் போய் வேலுவும் அஞ்சலையும் குடிவந்தார்கள் என்றால், அது அவர்களுடைய கிரகக் கோளாறு.

இருவரும் புருஷன் பெண்சாதி. கிள்ளானுக்கு அப்பால் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆளைக் குறைத்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் சீட்டு இனாம் என்றார்கள். வேலு சரி என்றான். அஞ்சலை மாட்டேன் என்றாள். கடைசியில் எது நடந்தது என்று குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பின் சந்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையை வாடகைக்குப் பிடித்தார்கள்.

வந்த மறுநாளே குழி தோண்டினார்கள்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு தகர வேலி. அதில் ஆணி பெயர்ந்த ஓட்டை ஒன்று. அந்த ஓட்டை நான் போட்டதல்ல. ஆனால், அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஓட்டை வழியாக நான் கண்டது இதுதான். நான்கு பெரிய மண் பானைகள். கழுத்து வரை மண்ணுக்குள் புதைத்து, சுற்றிலும் உமியையும் வைக்கோலையும் திணித்து, வாயைக் கோணியால் மூடிவிட்டார்கள். புருஷன் கருப்பட்டி வாங்கிவந்தான். பெண்சாதி எதையோ வேகவைத்து ஊற்றினாள். நாலு நாளில் ஒரு வாடை கிளம்பியது பாருங்கள்... புளிப்பும் நாற்றமும் கலந்து, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட முடியவில்லை. காலையும் மாலையும் அவள் மூடியைத் தூக்கி, நீளக் கழியால் கலக்குவாள். அப்புறம் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். முகத்தைச் சுளிப்பாள், துப்புவாள், தலையை ஆட்டுவாள்.

மண்ணில் புதைத்த பானை, கருப்பட்டி, புளித்த வாடை, ருசி பார்க்கிற பெண். சாயங்காலமானால் துணி மூட்டையோடு வந்து போகிற ஆட்கள் வேறு. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

பக்கத்து வீட்டு சவரிமுத்து ரயில்வேயில் கார்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், மதுவிலக்குப் பிரசங்கத்துக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இது சம்சுதான் லா. திருட்டுச் சாராயம். வேற என்ன?"

"சந்தேகமாத்தான் இருக்கு" என்றேன்.

"ஒங்களுக்கு எதுதான் சந்தேகமா இல்ல?"

அதுவும் நியாயம்தான்.

இன்னொரு சங்கதியும் எனக்கு உறுத்தியது. அஞ்சலை கடைக்கு வந்தால் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நிற்பாள். சாமானை வாங்கும்போது மட்டும் சட்டென்று ஒரு கை வெளியே வந்து சட்டென்று உள்ளே போகும். யோக்கியமான கை எதற்காக ஒளிய வேண்டும்?

ஒருநாள் வேலுவையே வழிமறித்துக் கேட்டுவிட்டேன். அவன் வாய்ச்சொல்லில் வீரன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"நீலச் சாயம் போடுறோம் கிராணி அய்யா. அசல் அவுரி! எங்க மாமனார் வீட்டுத் தொழில். தென்னாற்காட்டுலேர்ந்து கட்டி கட்டியா கப்பல்ல வருது."

"டப்பாவில் சீமைத் தூள் விற்கிறதே. கரைத்து முக்கினால் தீர்ந்தது. எதற்கு இந்தப் பாடு?"

"நானும் அதத்தான்ங்க சொன்னேன். அவ கேக்கணுமே! எங்களுக்கு வேல குடுக்குற கிள்ளான் ஜவுளிக் கடைக்காரரும் துணிய மோந்து பாத்துத்தான் எடுக்குறாரு. அவுரி வாசம் இல்லேன்னா திருப்பி வீசிடுவாரு."

துணியை மோந்து பார்த்து வாங்குகிறவரா! முகம் தெரியாத அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு உடனே ஒரு சகோதர பாசம் உண்டாயிற்று. ஆனால், வேலுவின் பேச்சை நம்பினேனா? எங்கே நம்பினேன்... சாராயம் என்ற சந்தேகம் பாதி குறைந்தது. டப்பாத் தூள் என்ற சந்தேகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதையெல்லாம் நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கமலத்திடம் மட்டும் சொன்னேன். தினமும் சொன்னேன்.

பூட்ஸ் சத்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். முன்னிருட்டு வேளை. வேலிக்கு அந்தப் பக்கம், என் ஓட்டைக்கு மிக அருகே, குசுகுசு என்று பேச்சு. புருஷனும் பெண்சாதியும் பானைகளை விட்டுத் தள்ளி வந்து, வேலியோரம் நின்று பேசுகிறார்கள். தங்கள் வீட்டிலேயே ரகசியம் பேசுகிறவர்களை எப்படிச் சந்தேகப்படாமல் இருப்பது? காதைக் கொடுத்தேன்.

"மூணாவது சால் செத்துப்போச்சு" என்றாள் அஞ்சலை. சால் என்றால் அந்தப் பெரிய பானைதான். "பூவே எடுக்கல. சுண்ணாம்புத் தெளிவு ஊத்திப் பாத்தேன், தகரச் செடி வெத வேகவச்சு ஊத்திப் பாத்தேன். எழும்பல. வாழைக்கு ஊத்திடு."

"இத அங்கயே சொன்னா என்னவாம்? இம்மாந்தூரம் இழுத்தாந்து..."

"மெதுவா பேசு! மத்த மூணுக்கும் காதுல வுழுந்துடும். ஒண்ணு செத்தத மத்ததுக்குச் சொல்லக் கூடாது. எங்க அம்மா வீட்டுல செத்த சாலப் பத்தி ஆத்தங்கரையிலதான் பேசுவாங்க."

பானைக்குக் காது! நான் வேலியில் சாய்ந்துகொண்டு சிரிப்பை அடக்கினேன். ஆனால், அவள் சிரிக்கவில்லை.

"மத்த மூணுலயும் கிள்ளான் கடைத் துணி கெடக்கு. அதுகளும் போச்சுன்னா அப்புறம் ஒன் இஷ்டம். கப்பல்தான்."

கப்பல் என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி உடைந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது. மெல்ல உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் கொல்லையில் கோணியைக் கொஞ்சம் விலக்கி அவள் பார்த்தபோது நானும் பார்த்தேன். மற்றப் பானைகளில் செம்பும் நீலமுமாக மினுமினுவென்று நுரை பூத்து நின்றது. அதைத்தான் பூ என்கிறார்கள். மூன்றாவதில் நுரை இல்லை. வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. வேலுவுக்குச் சோம்பல். வாழைக்கு ஊற்றுவது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

வந்தவர்கள் சாராயம் பிடிக்கிற ஆட்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள்கள், மொழிபெயர்க்க ஒரு தமிழ் பியூன். யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். யார்? சந்தே திரண்டு நின்றது. எல்லாருடைய கண்களும் ஒரே திசையில் திரும்பின... என் பக்கம்! நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். சவரிமுத்து ஆகாயத்தைப் பார்த்தார்.

"நானில்லை" என்றேன் கமலத்திடம்.

"நீங்க சொன்னதத்தான் நானும் குழாயடியில ரெண்டு பேருகிட்ட சொன்னேன்" என்றாள். "அதுக்கென்ன இப்ப?"

அஞ்சலையும் என்னைத்தான் பார்த்தாள். அப்போதுதான் அவளுடைய கைகளை, ஓட்டை வழியாக அல்லாமல், கிட்டத்தில் முழுதாகப் பார்த்தேன். முழங்கை வரை நீலம். நகக்கண் கறுத்திருந்தது. கலியாண வீட்டிலும் காய்கறிக் கடையிலும் அந்தக் கையைப் பார்த்தால் ஜனங்கள் ஒதுங்குவார்கள் என்றுதான் ஒளித்திருக்கிறாள். அது எனக்குத் தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது.

முதல் பானையின் கோணியைத் தூக்கினார்கள். வாடை அடித்த அடியில் கான்ஸ்டபிள்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் நகரவில்லை.

"இது சாராயம்தானே?" என்று பியூன் மூலம் கேட்டார்.

"இல்ல தொரே. நீலம்" என்றாள் அஞ்சலை.

இன்ஸ்பெக்டர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். நுனியைப் பிடித்துப் பானைக்குள் விட்டார். சற்றுப் பொறுத்துத் தூக்கினார்.

பச்சை! நல்ல புல்லுப் பச்சை!

சந்து முழுக்க ஒரு 'ஹா' எழுந்தது. இன்ஸ்பெக்டரின் மீசை ஓரம் சிரித்தது. பொய் பிடிபட்டுவிட்டது என்றால் மனுஷனுக்கு வரும் சந்தோஷம் எனக்குத் தெரியாததா? சவரிமுத்து என் விலாவில் இடித்தார். "நான் சொல்லல?"

"ஒரு நிமிசம் தொரே, காத்துல காட்டுங்க" என்றாள் அஞ்சலை.

"என்ன தந்திரம் இது?"

"தந்திரம் இல்ல தொரே. சும்மா புடிச்சிட்டு நில்லுங்க."

பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியது. அப்படியே நடுவுக்கு நகர்ந்தது. எங்கள் எல்லாருடைய கண்ணுக்கு எதிரே, ஒருவரும் தொடாமல், அந்தக் கைக்குட்டை நீலமாயிற்று. அதைப் பிடித்திருந்த துரையின் இரண்டு விரலும் சேர்ந்து நீலமாயிற்று. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. அவமானப்பட்ட அதிகாரி வெறுங்கையோடு திரும்புவாரா?

"சரி. மேலே சாயம். அடியில் என்ன?" என்றார். சாராய டின்னை இப்படி நாற்றத்துக்குள் முக்கி ஒளித்து வைக்கிறவர்கள் உண்டாம். "ஒரு பானையைக் காலி செய்து அடியைப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் போய்விடுகிறேன்."

வேலுவுக்கு அதுவரை இருந்த வீரமெல்லாம் போய்விட்டது. "தொரே, மொண்டு ஊத்துனா காத்து பூந்துடும் தொரே. கெட்டுப்போயிடும் தொரே. மறுபடி உண்டாக்க மாசக் கணக்காவும்" என்று கும்பிட்டான். துரை காதில் வாங்கவில்லை. பிரம்பால் முதல் பானையைக் காட்டினார். கிள்ளான் துணி ஊறுகிற பானை. நுரை பூத்து நிற்கிற பானை. இரண்டு கான்ஸ்டபிள்கள் வாளியோடு குனிந்தார்கள்.

வீல் என்று ஒரு சத்தம்.

அஞ்சலை ஓடிப்போய்... மூன்றாவது பானையைக் கட்டிக்கொண்டாள்!

"அத வேணா எடுத்துக்குங்க தொரே! எல்லாத்தையும் எடுத்துக்குங்க! இத மட்டும் தொடாதீங்க! இது என் தாய்ச் சாலு! இதுலேர்ந்துதான் எல்லாம் பொறந்துச்சு!"

தலையில் அடித்துக்கொண்டாள். கோணியின் மேல் நெற்றியை வைத்துக் கதறினாள். கூடியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கமலம் மூக்கைச் சிந்தினாள். வேலு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பாவம், அவனுக்கு விளங்க நேரமாகும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. செத்த பானை!

இன்ஸ்பெக்டரின் பிரம்பு முதல் பானையிலிருந்து மெல்ல மூன்றாவது பானைக்கு நகர்ந்தது. பாதியில் நின்றது. அவரும் என் ஜாதிதானே... கூட்டத்தில் கோட்டுப் போட்டிருந்த ஆள் நான் ஒருவன்தான். இங்கிலீஷில் கேட்டார்:

"நீர் பக்கத்து வீட்டுக்காரரா? இவள் சொல்வது நிஜமா? இந்தப் பானை அவளுக்கு அவ்வளவு முக்கியமா?"

அஞ்சலையின் கதறல் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. கோணியிலிருந்து முகத்தைத் தூக்காமல், ஒரு கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். துப்புக் கொடுத்தவன் நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் யார் காது இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒற்றைக் கண்ணில் முதலில் கெஞ்சல் இருந்தது. அப்புறம் அதுவும் போய், 'நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியும்' என்கிற ஒரு கசப்பு வந்தது.

வாழ்நாள் முழுவதும் நான் காத்திருந்த நேரம் அல்லவா அது! ஒரு பொய், கண்ணெதிரே, கையும் களவுமாக. கேட்பவர் ஓர் அதிகாரி. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துறுதுறுத்தது.

"ஆமாம் சார்" என்றேன். "அந்தப் பானைக்காக அவள் எவ்வளவு கவலைப்பட்டாள் என்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்."

அதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

பிரம்பு முழு தூரமும் நகர்ந்தது. "அது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அஞ்சலையைப் பிடித்து இழுத்தார்கள். வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். கறுத்த தண்ணீர் கொல்லையில் வழிந்து, வளைந்து ஓடி, வாழையடியில் போய் நின்றது. எங்கே போக வேண்டுமோ அங்கேயே, வேலுவுக்கு வேலை வைக்காமல்! அடியில் சுண்ணாம்புச் சேறும் தகரை விதையும் தவிர எதுவும் இல்லை. துரை பிரம்பால் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மூலையில் உட்கார்ந்து விசும்புகிற பெண்ணைப் பார்க்க அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. நீல விரல்களைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு போய்விட்டார்.

பூட்ஸ் சத்தம் சந்து திரும்பியதும் விசும்பல் நின்றது. அஞ்சலை எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகினாள். திறந்து கிடந்த முதல் பானையின் அருகே போய், விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

திருப்தியாகத் தலையை ஆட்டினாள். மூடினாள்.

அன்றைக்கு ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நம்புகிறவனை ஏமாற்றுவதுதான் சுலபம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை. நம்புகிறவன் எந்தப் பக்கம் போவான் என்று யாருக்குத் தெரியும்? சந்தேகப் பிராணி எப்போதும் சொன்னதற்கு நேர் எதிரே போவான். எதிரே எதை வைக்கலாம் என்று தெரிந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளோ... இரண்டு மாதமாக வேலி ஓட்டையில் ஒரு கண் இருந்ததே, அதைப் பார்த்துத்தானோ?

சாயங்காலம் வேலிப் பக்கம் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கிராணி அய்யா, ஓட்ட பெருசாயிட்டே வருது. அவர வுட்டு அடைக்கச் சொல்லட்டுங்களா?"

"நானே அடைத்துவிடுகிறேன் அம்மா" என்றேன். என் காது சுட்டது.

"வேணாம், இருக்கட்டும். ஒங்களுக்கும் பொழுது போவணும்ல."

ஆனாலும் என் வழக்கம் என்னை விடவில்லை.

"ஆமாம், அது நிஜமாகவே அவுரிதானா? டப்பாத் தூள் ஒரு சிட்டிகையும் கலக்கவில்லையே?"

வேலிக்கு மேலே ஒரு நீலக் கை நீண்டது. அதில் ஈரம் காயாத ஒரு துண்டு. "மோந்து பாருங்க" என்றாள்.

மோந்து பார்த்தேன். வைக்கோலும் மண்ணும் பச்சிலையும் சேர்ந்த ஒரு வாசம். இன்னும் அதே துண்டுதான் என் தோளில் கிடக்கிறது. இன்றைக்கும் காலையில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

"இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா?" என்று கேட்டேன். துரைக்குத் தமிழ் வராது. தமிழ் படிக்கிற பியூனோ, வெளுத்துப்போன தன் இரண்டு சட்டைகளை மறுநாளே அஞ்சலையிடம் முக்கக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதனால் பயமில்லை.

அஞ்சலை யோசித்தாள். பானைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேலிக்கு மிக அருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எழுதுங்க. ஆனா மூணாவதப் பத்தி வர்ற எடத்த மட்டும் யாரும் சத்தமா படிக்க வேணாம்னு சொல்லிடுங்க. மத்த மூணுக்கும் இன்னும் தெரியாது."

ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் வாசகர்களே... இந்த வாரம் மட்டும் தயவுசெய்து மனசுக்குள் படியுங்கள்.